நன்றி சொல்லாவிட்டால் நோய் திரும்பி வந்துவிடுமா?

இந்த முறை நான் பதில் எழுதும் கடிதம் 47 வயதுள்ள ஒரு சகோதரியுடையது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இடது மார்பில் இரண்டாம் நிலைப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. "இப்போதைக்கு நோயின் அறிகுறி எதுவும் இல்லை" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கட்டி ஹார்மோனால் தூண்டப்படும் வகை என்பதால், குறைந்தது 5 ஆண்டுகள் டாமாக்சிஃபென் மாத்திரை எடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். சிகிச்சை நடந்த நாட்களில் சபையார் முறைவைத்து வந்து ஜெபித்தார்கள், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அடுத்த மாதம் சபையில் ஸ்தோத்திரக் கூட்டம். அதில் இவர் சாட்சி சொல்ல வேண்டும். மூப்பர் ஒருவர், "முழு சுகம் கிடைத்துவிட்டது என்று அறிக்கையிடுங்கள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சுகமானேன் என்றால் அது என்ன சாட்சி?" என்று கேட்டிருக்கிறார். ஸ்கேன் அறிக்கைகளைத் திரையில் காட்டி, வீடியோ எடுத்து இணையத்தில் போடுவதும் திட்டம். கணவரிடம்கூடச் சொல்லாமல் இவர் இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். இரவில் உடம்பெல்லாம் அனலடித்து வியர்ப்பதால் தூக்கமே இல்லை என்பதை ஒரே ஒரு வரியில் எழுதியிருக்கிறார்.

"எல்லாரும் ஸ்தோத்திரம் என்கிறார்கள். எனக்குள் ஒன்றுமே இல்லை, மரத்துப்போயிருக்கிறது" என்கிறார். ஒரு சங்கீதம் வாசித்தால் நான்காம் வசனம் வருவதற்குள் முதல் வசனம் மறந்துபோகிறதாம். கீமோவின்போது பக்கத்து நாற்காலியில் இருந்து தோழியானவர், அவரும் விசுவாசிதான், மூன்று மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். "அவளுக்கு விசுவாசம் போதவில்லை" என்று யாரோ சொன்னது இவரை உறுத்துகிறது. தோழியின் மகள் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் போட முடியவில்லை. "அவளுக்குப் பதில் நான் போயிருக்கலாம்" என்றும் எழுதியிருக்கிறார். உயிர் பிழைத்தால் வாழ்நாள் முழுவதும் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பேன் என்று பயத்தில் பொருத்தனை செய்திருக்கிறார். ஆனால் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர் என்பதால் இரண்டு வெள்ளிக்கிழமை மயக்கம் வந்துவிட்டது. சபையைவிட்டே விலகிவிடலாமா என்று கேட்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: "சுகமான பத்துப் பேரில் நன்றி சொல்லத் திரும்பி வராத அந்த ஒன்பது பேரில் ஒருத்தியா நான்? நன்றி சொல்லாவிட்டால் நோய் திரும்பி வந்துவிடுமா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாவற்றையும் அந்தப் பயம்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. வராது. நன்றி சொல்லாத காரணத்தால் புற்றுநோய் திரும்பி வராது. மார்பகப் புற்றுநோய் மறுபடி வருமா என்பது கட்டியின் அளவு, அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்ததா, கட்டியின் தன்மை என்ன, கண்ணுக்குத் தெரியாத செல்கள் எங்காவது தங்கியிருக்கின்றனவா, அவற்றைத் தடுக்கும் சிகிச்சை தொடர்கிறதா என்பவற்றைப் பொறுத்தது. ஸ்தோத்திரம் சொல்லும்போது உங்கள் மனம் நெகிழ்ந்ததா இல்லையா என்பதற்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

நான் புற்றுநோயாளிகளோடு வேலை செய்யும் மனநல மருத்துவர். நானும் விசுவாசிதான். அதனால் வேதத்திலிருந்தும் பேசுகிறேன். லூக்கா 17-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். இயேசுவிடம் இரக்கம் கேட்ட குஷ்டரோகிகள் பத்துப் பேரும் சுகமானார்கள். ஒருவன் திரும்பி வந்தான். "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று இயேசு கேட்டார். அந்தக் கேள்வியில் வருத்தம் இருக்கிறது, உண்மை. ஆனால் ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொண்டதாக அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை. "அதிக கேடானதொன்றும் உனக்கு வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே" என்ற யோவான் 5-ஆம் அதிகார வசனத்தை யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அதே சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி "யார் செய்த பாவம்" என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றுதான் பதில் வந்தது. ஒருவருக்குச் சொன்ன வசனத்தை எல்லா நோயாளிக்கும் பொருத்தக்கூடாது என்பதற்கு அந்த ஒரு சுவிசேஷமே போதும்.

பயத்தில் செலுத்துகிற நன்றி, கொடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்று கட்டுகிற மீட்புப் பணமாகிவிடும். அப்படிப்பட்ட ஒன்றைத் தேவன் உங்களிடம் கேட்கிறார் என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

மாத்திரை: இதைத் தள்ளிப்போட வேண்டாம்

இன்றைக்கே உங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கூப்பிட்டு, இரண்டு வாரமாக மாத்திரை எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்காதீர்கள். நடுவில் நிறுத்திவிட்டு வருகிற பெண்களை அவர் நிறையவே பார்த்திருப்பார். இரண்டு வார இடைவெளியால் எல்லாம் பாழாகிவிடவில்லை. விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்காதீர்கள், அது மட்டும் கூடாது. எப்படித் தொடர்வது என்று அவர் சொல்வார்.

இந்த மாத்திரை ஏன் முக்கியம் என்று யாராவது உங்களுக்கு விளக்கமாகச் சொன்னார்களா தெரியவில்லை. உங்களுக்கு வந்த வகைக் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் தீனி. அது செல்லோடு ஒட்டுகிற இடத்தை டாமாக்சிஃபென் அடைத்துவிடுகிறது. 5 ஆண்டுகள் இதை எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், அந்த 5 ஆண்டுகளில் நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. 15 ஆண்டுக் கணக்கில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரையை முடித்த பிறகும் அந்தப் பலன் பல ஆண்டுகள் நீடிக்கிறது. அதாவது உங்கள் சிகிச்சை எட்டு மாதங்களுக்கு முன் முடிந்துவிடவில்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அனலடிப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நான் பலமுறை வாசித்தேன். மூப்பர் சொன்னது ஒரு காரணம்தான். இரவெல்லாம் வியர்த்து, போர்வையை உதறி, விடியும்வரை புரண்டுகொண்டிருந்தால் எந்த மனுஷியும் இந்த மாத்திரை வேண்டாம் என்றுதான் நினைப்பாள். அது விசுவாசக் குறைவும் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை. அதைக் குறைக்க வழி இருக்கிறது. மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றிப் பார்ப்பார்கள். அனலைத் தணிக்க வேறு மருந்துகள் உண்டு. தேவைப்பட்டால் வேறு வகை ஹார்மோன் மருந்துக்கு மாற்றலாமா என்றும் பார்ப்பார்கள். நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் இதெல்லாம் நடக்கும். அப்புறம் இன்னொன்று: மாத்திரை எடுக்கும் காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு தென்பட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூப்பரின் கேள்விக்கு வருகிறேன். எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் கிடந்தார். சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது ஜெபித்தார். அவருடைய நாட்களோடு 15 வருடம் கூட்டப்படும் என்று ஏசாயா மூலமாக வாக்கு வந்தது. அந்த வாக்கு வந்த பிறகுதான் அதே ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள். இரண்டாம் ராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தில் இந்த வரிசை தெளிவாக இருக்கிறது. "கர்த்தர்தான் வாக்குக் கொடுத்துவிட்டாரே, அத்திப்பழம் எதற்கு?" என்று அரண்மனையில் யாரும் கேட்டதாக எழுதப்படவில்லை. பற்றுப்போடச் சொன்னவரே வாக்கைக் கொண்டுவந்த தீர்க்கதரிசிதான். மூப்பர் மறுபடி கேட்டால் அவரோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தை வாசியுங்கள். வாதாடும் தெம்பு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உங்கள் மருந்தைப் பற்றி அவருக்கு விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

மனம் மரத்துப்போனதை நான் எப்படிப் பார்க்கிறேன்

பெரிய சிகிச்சை முடிந்தவுடன் மனம் சந்தோஷத்தில் துள்ளும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் பல பேருக்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. சிகிச்சை ஓடும்போது அடுத்த ஊசி, அடுத்த ஸ்கேன் என்று மனம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. எல்லாம் முடிந்து, ஆட்கள் வருவதும் குறைந்த பிறகுதான் நடந்தது என்னவென்று அது உணர்கிறது. எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய வெற்றிக்கு அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, நன்றி எங்கே என்று கேட்கவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னான்.

சங்கீதம் மறந்துபோவது உங்கள் விசுவாசம் குளிர்ந்துபோனதற்கு அடையாளம் இல்லை. கீமோவுக்குப் பிறகு கவனமும் ஞாபகமும் மந்தமாவது பலருக்கும் வருகிற பக்கவிளைவு. பெரும்பாலும் மாதங்கள் செல்லச் செல்லக் குறையும், சிலருக்கு இன்னும் நாளாகும். அதன்மேல் தூக்கமும் கெட்டிருக்கிறது. அதற்கேற்ப ஜெபத்தையும் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வசனம் போதும். நீண்ட ஜெபத்தை வேறு யாராவது ஏறெடுக்கட்டும், நீங்கள் ஆமென் சொல்லுங்கள். திமிர்வாதக்காரனை நாலுபேர் படுக்கையோடு சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் மாற்கு எழுதுகிறார்.

ஆனால் எல்லாவற்றையும் சோர்வு, பக்கவிளைவு என்று சொல்லி நான் நகர்ந்துவிட முடியாது. நீங்கள் எழுதியதில் மனச்சோர்வு நோயின் சாயலும் இருக்கிறது. தூக்கமின்மை, எதிலும் ஒட்டாமை, குற்றவுணர்வு இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் நீடித்தால் முறையாகப் பரிசோதிக்க வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதேபோல் தோற்றம் காட்டும், அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு மருந்து எழுதுகிறவரிடம் டாமாக்சிஃபென் எடுப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்ஸெட்டின், ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற சில மருந்துகள் டாமாக்சிஃபென் உடலில் முழுமையாக வேலை செய்வதைத் தடுக்கும். அப்படித் தடுக்காத மருந்துகளும் உண்டு, அவற்றில் சில அனலடிப்பதையும் தணிக்கும்.

"அவளுக்குப் பதில் நான் போயிருக்கலாம்" என்ற வரியைப் பற்றி நேராகக் கேட்கிறேன். அது துக்கத்தில் வந்த வார்த்தையா, அல்லது உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா? இரண்டாவது என்றால், சிறிதளவாக இருந்தாலும், இன்றே கணவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எலியாவும் அதைத்தான் கேட்டார்.

நன்றி பற்றி இங்கே ஒரு வார்த்தை. நன்றி என்றால் மனதில் பொங்கும் உணர்ச்சி என்று நாம் பழகிவிட்டோம். எசேக்கியா சுகமானபின் எழுதிவைத்தது ஏசாயா 38-இல் இருக்கிறது. பெரும்பகுதி புலம்பல்தான்: என் நாட்கள் பறிபோகின்றன, என் எலும்புகளை நொறுக்கினார், புறாவைப்போல் புலம்பினேன். அதற்குப் பிறகுதான் துதி வருகிறது. பட்ட பாட்டை மறைக்காமலேயே அவர் நன்றி சொன்னார். உங்களுக்கும் அதற்கு இடம் உண்டு. கோபம், பயம், துக்கம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே "இன்றைக்கு வலி குறைவு, ஸ்தோத்திரம்" என்று சொன்னால் அது அரைகுறை நன்றி ஆகிவிடாது.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று நரம்பு-தசை நோயுள்ளவர்களோடு நடந்தது. 21 நாட்கள் தினமும் நன்றிக்குரிய விஷயங்களைக் குறித்துவைத்தவர்களுக்கு மனநிலையும் தூக்கமும் ஓரளவு மேம்பட்டன. முடிந்தால் நீங்களும் முயன்று பாருங்கள், ஆனால் மனச்சோர்வுக்கு அது மாற்றுச் சிகிச்சை அல்ல. எழுத உட்கார்ந்து ஒன்றும் தோன்றாமல் குற்றவுணர்வுதான் கூடுகிறது என்றால் நோட்டை மூடி வைத்துவிடுங்கள். அதற்குப் பதில், உங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு "நீங்கள் செய்ததை மறக்கவில்லை" என்று சொல்லுங்கள். உணர்ச்சி இல்லாமல் சொன்னாலும் அது உண்மைதானே. கேட்பவருக்கு அது பெரிய விஷயம்.

சாட்சி: முடிவு உங்களுடையது

உங்கள் முன் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அவர்கள் கேட்டபடியே "முழு சுகம், மாத்திரையை விட்டுவிட்டேன்" என்று சொல்வது ஒன்று. அதை நான் உறுதியாக வேண்டாம் என்கிறேன். முதலில், அது உண்மை அல்ல. உங்கள் மருத்துவர் சொன்னது நோயின் அறிகுறி இப்போது இல்லை என்பது. அது மிக நல்ல செய்தி. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. இரண்டாவது, அதைக் கேட்பவர்கள். அந்தக் கூட்டத்தில் மார்பில் கட்டியோடு, யாரிடமும் சொல்லாமல், ஒருத்தி உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் மேடையில் சொல்வதைக் கேட்டு அவள் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டால்? மூன்றாவது, நீங்கள். நாளைக்கு ஒரு பரிசோதனையில் சந்தேகம் வந்தால், சொன்ன சாட்சியே உங்கள் வாயைக் கட்டிப்போடும். அறிகுறி வந்தபின்னும் சபைக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாதவர்கள் உண்டு. இதுதான் எனக்கு மிகுந்த கவலை.

சாட்சியே சொல்லாமல் இருப்பது இன்னொரு வழி. அதுவும் உங்கள் உரிமை. இயேசு ஒரு குஷ்டரோகியைச் சுகப்படுத்திவிட்டு, "ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாதே, போய் ஆசாரியனுக்குக் காண்பி" என்றார் (மாற்கு 1). அந்தக் காலத்தில் ஆசாரியன்தான் பரிசோதித்து, சுத்தமாகிவிட்டதா என்று சொல்ல வேண்டியவன். மேடை ஏறுவதற்கு முன்பே பரிசோதனை. "பொறுங்கள், எனக்கு இன்னும் சிகிச்சை நடக்கிறது" என்று நீங்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

மூன்றாவது, உங்கள் சொந்த வார்த்தையில் சுருக்கமாகச் சொல்வது. உங்களுக்குத் தெம்பு இருந்தால் எனக்கு இதுதான் பிடித்த வழி. இப்படி இருக்கலாம்: "எனக்குப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையும் கீமோவும் கதிர்வீச்சும் எடுத்தேன். இப்போது நோயின் அறிகுறி இல்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்னும் மாத்திரை எடுக்கிறேன். இன்னும் சில நாட்கள் பயமாக இருக்கிறது. என்னைக் கைவிடாத தேவனுக்கும், என் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்த உங்களுக்கும் நன்றி." ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைப் போதகரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மைக்கைப் பிடித்தபிறகு யாரும் கூடுதலாக எதையும் சொல்லவைக்க முடியாது.

அறிக்கைகளும் ஸ்கேன் படங்களும் உங்கள் உடலைப் பற்றியவை. அவற்றைத் திரையில் காட்டவோ இணையத்தில் போடவோ உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் உரிமை இல்லை. கணவர் சரி என்று சொன்னாலும் அது உங்கள் சம்மதம் ஆகாது. ஒருமுறை இணையத்தில் ஏறிய வீடியோவைத் திரும்ப எடுக்கவே முடியாமல் போகலாம். உங்கள் வேலையிடமும் பிள்ளைகளின் நண்பர்களும் அதைப் பார்ப்பார்கள். "கூட்டத்தில் பேசுகிறேன், ஆனால் அறிக்கை காட்ட வேண்டாம், பதிவு வேண்டாம்" என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சபையைவிட்டு விலகுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தூக்கமும் மனமும் கொஞ்சம் தேறட்டும். ஒரு மூப்பர் சொன்னதை சபை முழுவதும் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மாதக்கணக்கில் உங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர்களும் அதே சபைதான். போதகரைக் கணவரோடு போய்ச் சந்தியுங்கள். கணவரிடம் மாத்திரை விஷயத்தை அதற்கு முன் சொல்லிவிடுங்கள், இதை நீங்கள் தனியாகச் சுமக்கக்கூடாது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தை அவர்கள் எடுத்துவந்தால், அதற்கு நாலு வசனத்துக்கு முன்பு "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்" என்று சபைக்கும் ஒரு கட்டளை இருப்பதைக் காட்டலாம். ஆனால் எல்லாம் பேசியபிறகும் போதகரே மருந்தை நிறுத்து என்றால், அங்கே தொடர்வது உங்கள் உயிருக்கு ஆபத்து. அப்போது வேறு சபைக்குப் போங்கள். தேவனை விட்டுப் போவதாக அதற்கு அர்த்தம் இல்லை.

வெள்ளிக்கிழமை உபவாசம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், சில மருந்துகளில் இரத்தச் சர்க்கரை திடீரென்று மிகவும் இறங்கிவிடும். உங்களுக்கு வந்த மயக்கம் அதுவாக இருக்கலாம். மருத்துவரிடம் கேட்கும்வரை உபவாசத்தை நிறுத்திவையுங்கள். பொருத்தனையை மீறுகிறோமே என்று பயப்படுவீர்கள். லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தில், பொருத்தனை செய்தவரால் மதிப்பின்படி செலுத்த முடியாவிட்டால், ஆசாரியன் அவருடைய திராணிக்குத் தக்கதாக மதிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மரண பயத்தில் மனுஷர் தங்கள் சக்திக்கு மீறி வாக்குக் கொடுப்பார்கள் என்று அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. போதகரோடு பேசி அதன் வடிவத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒரு நோயாளியைப் போனில் விசாரிப்பது, ஒருவேளை உணவை இல்லாதவருக்குக் கொடுப்பது, இப்படி எதுவாகவும் இருக்கலாம்.

உங்கள் தோழி

அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொன்னவர் எவராக இருந்தாலும், அதைச் சொல்ல அவருக்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆரம்பத்திலேயே யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இருவரும் ஒரே ஆண்டவரோடு நடந்தவர்கள். ஒருவர் ஏன் போனார், ஒருவர் ஏன் தப்பினார் என்று லூக்கா ஒரு காரணமும் எழுதவில்லை. யாக்கோபின் விசுவாசத்தைக் குறைசொல்லவும் இல்லை. நீங்கள் பிழைத்ததற்கும் அவர் இறந்ததற்கும் காரணம் தேடி நீங்கள் உங்களையே தண்டிக்க வேண்டியதில்லை. மருத்துவத்திலும் இதுதான் நிலை. ஒரே வயது, ஒரே சிகிச்சை, ஆனால் இருவரின் கட்டியும் ஒன்றல்ல.

நீங்கள் உயிரோடு இருப்பதைப் பார்த்தால் தோழியின் மகளுக்கு வலிக்கும் என்று நினைத்துத்தான் பதில் போடாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் வலிக்கலாம். ஆனாலும் அவள் திரும்பத் திரும்ப எழுதுகிறாள் என்றால் உங்களிடம் ஏதோ தேடுகிறாள். அவளுடைய அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன பேசினார், எதற்குச் சிரித்தார், எப்போது பயந்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மருத்துவரிடம் பேசி, ஓரிரண்டு இரவு நன்றாகத் தூங்கிய பிறகு, "பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை அம்மா, மன்னித்துக்கொள். உன் அம்மாவை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்" என்று இரண்டு வரி அனுப்புங்கள். வசனம் எதுவும் சேர்க்க வேண்டாம். அவள் கேட்டால், நீங்களும் அவளுடைய அம்மாவும் சேர்ந்து ஜெபித்த நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்.